லெனினை வீழ்த்திய பக்கவாதம்

பொருளாதார வரலாற்றைப் படிப்பவர்கள் விளைச்சல், விலைவாசி, வரி, முதலீடு ஆகியவற்றையே மாற்றங்களுக்கான காரணங்களாகத் தேடுவார்கள். தலைவர்களின் உடல்நிலை அந்தப் பட்டியலில் இடம்பெறுவது அரிது. ஆனால், 1920-களின் ரஷியாவைப் பொருத்தவரை மருத்துவர்களின் குறிப்பேட்டை ஒதுக்கிவிட்டுப் பொருளாதாரத்தை மட்டும் பேச இயலாது.

நான் கல்லூரியில் சோவியத் பொருளாதார வரலாற்றைக் கற்பித்த ஆண்டுகளில், லெனின் கொண்டுவந்த புதிய பொருளாதாரக் கொள்கை ஏன் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை என்று மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். தானியக் கொள்முதலில் ஏற்பட்ட நெருக்கடி, ஆலைப் பொருள்களுக்கும் வேளாண் பொருள்களுக்கும் இடையே விரிந்த விலை இடைவெளி, கட்சிக்குள் நடந்த அதிகாரப் போட்டி என்று விளக்குவேன். இவற்றோடு, ஒரு மனிதரின் மூளைக்கு ரத்தம் கொண்டுசென்ற தமனியில் ஏற்பட்ட அடைப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

விளாதிமிர் இலீச் உல்யானவ் 1870 ஏப்ரல் 22-ஆம் தேதி வோல்கா நதிக்கரையில் உள்ள சிம்பிர்ஸ்க் நகரில் பிறந்தார். தந்தை இலியா உல்யானவ் கல்வித் துறையில் உயர் பொறுப்பு வகித்தவர். 1886-இல் மூளையில் ஏற்பட்ட ரத்தக் கசிவால் 54 வயதில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே, ஜார் மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட அண்ணன் அலெக்ஸாண்டர் தூக்கிலிடப்பட்டார். அண்ணனின் மரணம் தம்பியின் அரசியலைத் தீர்மானித்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். தந்தையின் மரணம் தம்பியின் உடலுக்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை என்பதை எவரும் அப்போது உணர்ந்திருக்க வாய்ப்பில்லை.

கஸான் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், வீட்டிலிருந்தே படித்து 1891-இல் பீட்டர்ஸ்பர்க்கில் சட்டத் தேர்வில் தேறினார். 1895-இல் கைதாகி, பின்னர் சைபீரியாவின் ஷூஷன்ஸ்கயே கிராமத்துக்கு நாடு கடத்தப்பட்டார். அங்கேதான் நதேழ்தா குரூப்ஸ்கயாவை மணந்துகொண்டார். ரஷியாவில் முதலாளித்துவத்தின் வளர்ச்சி என்னும் பெரும் நூலை எழுதி முடித்ததும் அங்கேதான். ஊரக ரஷியாவின் புள்ளிவிவரங்களைத் திரட்டி, விவசாயிகள் ஒரே வர்க்கமாக இல்லாமல் செல்வர், ஏழை என்று பிரிந்துவருவதை நிறுவ முயன்ற நூல் அது. அரசியலில் அவரோடு முரண்படும் பொருளியல் மாணவரும் அதன் உழைப்பை மதிப்பார்.

அந்நூல் வெளியான 1899-ஆம் ஆண்டில்தான் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் ஆஸ்பிரின் என்னும் பெயரைப் பதிவு செய்தது. காய்ச்சலுக்கும் வலிக்குமான அந்த மருந்து சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய மருந்துக் கடைகள் அனைத்திலும் கிடைத்தது. மூளையைக் காக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு என்பதை உலகம் அறிய முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

மியூனிக், லண்டன், ஜெனீவா, பாரிஸ், ஜூரிச் என்று நாடு கடந்து வாழ்ந்த ஆண்டுகளில் லெனின் கட்டுப்பாடான பழக்கங்கள் உடையவராகவே இருந்தார். புகைக்க மாட்டார், பிறர் புகைப்பதையும் விரும்ப மாட்டார். மிதிவண்டி ஓட்டுவதிலும் மலைகளில் நெடுந்தொலைவு நடப்பதிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. ஆயினும், தலைவலியும் தூக்கமின்மையும் அவரை விடாமல் தொடர்ந்தன. 1917 ஏப்ரலில் தாயகம் திரும்பி, அதே ஆண்டு நவம்பரில் ஆட்சியைப் பிடித்த பிறகு ஓய்வு என்பதே இல்லாமற்போயிற்று. 1918 ஆகஸ்ட் 30-ஆம் தேதி கொலை முயற்சியில் இரண்டு குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பினார்.

உள்நாட்டுப் போர் முடிந்தபோது நாடு சிதைந்து கிடந்தது. விவசாயிகளிடமிருந்து தானியத்தைக் கட்டாயமாகப் பறிக்கும் முறை, பஞ்சத்தையும் கிளர்ச்சியையும் கொண்டுவந்தது. 1921 மார்ச்சில் பத்தாவது கட்சி மாநாட்டில் லெனின் தன் போக்கை மாற்றினார். தானியப் பறிமுதலுக்குப் பதிலாக வரி விதிக்கப்பட்டது. எஞ்சியதைச் சந்தையில் விற்க விவசாயிக்கு உரிமை கிடைத்தது. சிறுதொழிலும் சில்லறை வணிகமும் தனியார் கைக்கு வந்தன. பெருந்தொழிலும் வங்கியும் அயல்வணிகமும் அரசிடம் இருந்தன. தான் நம்பிய கோட்பாட்டையே நடைமுறையின் பொருட்டுத் தளர்த்திய அந்த முடிவு, அவரது பொது வாழ்வின் மிகத் துணிச்சலான முடிவுகளுள் ஒன்று.

அந்த ஆண்டின் நடுப்பகுதியிலிருந்தே அவரது உடல் தளர்ந்தது. கடும் தலைவலி, தூக்கமின்மை, ஒலியைப் பொறுக்க இயலாமை ஆகியவற்றோடு, கையும் காலும் சற்று நேரம் மரத்துப்போய் மீளும் நிகழ்வுகளும் நேர்ந்தன. இன்றைய நரம்பியல் மருத்துவர் எவரும் இந்தக் கடைசி அறிகுறியைக் கேட்ட மாத்திரத்தில் எழுந்து நிற்பார். மூளைக்குச் செல்லும் ரத்தம் சில நிமிடங்கள் தடைபட்டு மீள்வதையே தற்காலிகப் பக்கவாதம் என்கிறோம். அது வந்து மறைந்துவிடுவதால் நோயாளி நிம்மதி அடைகிறார். ஆனால், பெரிய பக்கவாதம் வரக்கூடிய ஆபத்து அடுத்த சில நாள்களில்தான் உச்சத்தில் இருக்கிறது.

லெனினின் மருத்துவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். ஜெர்மனியிலிருந்து சிறந்த நிபுணர்கள் வரவழைக்கப்பட்டனர். பணிச்சுமையால் ஏற்பட்ட நரம்புத் தளர்ச்சி என்று சிலர் கருதினர். உடலில் தங்கியிருந்த குண்டின் ஈயம் நஞ்சாகிறது என்றார் ஒருவர். அதன்படி 1922 ஏப்ரல் 23-இல் ஒரு குண்டு அறுவைச் சிகிச்சையால் அகற்றப்பட்டது. பால்வினை நோயாக இருக்கலாம் என்ற ஐயத்தில் ஆர்செனிக் மருந்தும் தரப்பட்டது. குண்டை அகற்றி ஏறத்தாழ ஒரு மாதத்தில், மே மாத இறுதியில், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கோர்க்கி மாளிகையில் முதல் பக்கவாதம் தாக்கியது. வலது கையும் காலும் தளர்ந்தன, பேச்சு குழறியது. 12-ஐ 7-ஆல் பெருக்கச் சொன்னபோது அவரால் இயலவில்லை. பின்னர் மணிக்கணக்கில் அமர்ந்து, 12-ஐ மீண்டும் மீண்டும் கூட்டி விடையைக் கண்டடைந்தார். சைபீரியக் குளிரில் ஒரு பேரரசின் புள்ளிவிவரங்களை அலசியவர் அவர் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அவருக்கு நேர்ந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பக்கவாதம் இரு வகை. ரத்தக் குழாய் வெடித்துக் கசிவது ஒன்று, அடைபடுவது மற்றொன்று. பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. தமனியின் உட்சுவரில் படிந்த கொழுப்பும் சுண்ணமும் ஓரிடத்தில் கீறிக்கொள்ளும்போது, ரத்தத் தட்டணுக்கள் அங்கே காயம் ஏற்பட்டதாக எண்ணித் திரள்கின்றன. அந்தத் திரள் குழாயை அடைக்கிறது; அல்லது அதிலிருந்து ஒரு துணுக்கு பிரிந்து மூளைக்குள் சென்று சிறிய குழாயை அடைக்கிறது. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுப்பதே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மருந்துகளின் வேலை.

ஆஸ்பிரின் உடலில் எவ்வாறு செயல்படுகிறது என்பதை ஜான் வேன் 1971-இல் விளக்கினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. தற்காலிகப் பக்கவாதம் வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் பயன்தருவதை 585 பேரிடம் நடத்தப்பட்ட கனடா நாட்டு ஆய்வு 1978-இல் காட்டியது. 2013-இல் சீனாவில் 5,170 பேரிடம் நடந்த ஆய்வில், அறிகுறி தோன்றிய 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெலும் தொடங்கப்பட்டவர்களில் 8.2 சதவீதத்தினருக்கே அடுத்த 90 நாள்களில் பக்கவாதம் வந்தது. ஆஸ்பிரின் மட்டும் பெற்றவர்களில் அது 11.7 சதவீதம். இரு மருந்துகளும் சேர்ந்து தேவைப்படுவது முதல் சில வாரங்களுக்குத்தான்; நீண்டகாலம் தொடர்ந்தால் ரத்தக் கசிவு ஆபத்து பயனை விழுங்கிவிடும்.

லெனின் ஓரளவு மீண்டு 1922 அக்டோபரில் பணிக்குத் திரும்பினார். நவம்பர் 20-இல் மாஸ்கோவில் ஆற்றிய உரையே அவரது கடைசி மேடைப் பேச்சு. டிசம்பரில் இரண்டாவது பக்கவாதம் வந்தது. நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் மட்டும் சொல்லி எழுதவைக்க அவருக்கு அனுமதி தரப்பட்டது. பார்வையாளர்களும் அரசியல் செய்திகளும் தடுக்கப்பட்டனர். அந்த நிமிடங்களில்தான் கூட்டுறவு இயக்கம் குறித்தும், திட்டக் குழுவின் அதிகாரம் குறித்தும், அரசு எந்திரத்தின் சீர்கேடு குறித்தும் அவர் எழுதவைத்தார். ஸ்டாலினைப் பொதுச் செயலர் பொறுப்பிலிருந்து அகற்ற வழிதேடுமாறு 1923 ஜனவரி 4-இல் ஒரு குறிப்பும் சேர்த்தார். மார்ச் 10-இல் வந்த மூன்றாவது பக்கவாதம் அவரது பேச்சை முற்றிலுமாகப் பறித்தது. குரூப்ஸ்கயா ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையைப்போல் அவருக்கு எழுத்துகளைக் கற்பித்தார். இடது கையால் எழுதப் பழகினார். 1924 ஜனவரி 21-ஆம் தேதி மாலை, 53 வயதில் உயிர் பிரிந்தது.

மறுநாள் நடந்த உடற்கூறாய்வில் உண்மை வெளிப்பட்டது. மூளைத் தமனிகள் சுண்ணம் படிந்து கல்லாக இறுகியிருந்தன. இடப்பக்கக் கழுத்துத் தமனி மண்டையோட்டுக்குள் செல்லும் பகுதியில் துவாரமே இல்லாமல் அடைந்திருந்தது. குண்டு, ஈயம் என்ற விளக்கங்கள் அனைத்தும் அன்றோடு வலுவிழந்தன. உயிரோடிருக்கும்போதே இதைக் கண்டறிய வழியில்லை. மூளை ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் முறையைப் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் உருவாக்கியது 1927-இல்தான்.

இன்றிருந்தால் ஒரு ஸ்டென்ட் பொருத்திக் காப்பாற்றியிருக்கலாமே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. விடை அத்தனை எளிதன்று. கழுத்துப் பகுதியில் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கி, அறிகுறியும் காட்டியவர்களுக்கு அறுவைச் சிகிச்சை பெரும்பயன் தருவதை 1991-இல் வட அமெரிக்க ஆய்வொன்று நிறுவியது. இரண்டு ஆண்டுகளில் பக்கவாத ஆபத்து 26 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. தக்க நோயாளிகளுக்கு ஸ்டென்ட் அதற்கு ஒரு மாற்று. ஆனால், லெனினின் அடைப்பு மண்டையோட்டுக்குள் இருந்தது. அத்தகைய சுருக்கங்களுக்கு ஸ்டென்ட் பொருத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2011-இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஸ்டென்ட் பெற்றவர்களில் 14.7 சதவீதத்தினர் 30 நாள்களுக்குள் பக்கவாதத்துக்கோ மரணத்துக்கோ ஆளாயினர்; மாத்திரைகளாலும் ரத்த அழுத்த, கொழுப்புக் கட்டுப்பாட்டாலும் மட்டுமே சிகிச்சை பெற்றவர்களில் அது 5.8 சதவீதம். முற்றிலும் மூடிப்போன பழைய அடைப்பைத் திறக்கப் பொதுவாக மருத்துவர்கள் முயல்வதுமில்லை.

ஆகவே, அவரைக் காத்திருக்கக்கூடிய தருணம் ஒன்று உண்டென்றால், அது கையும் காலும் மரத்து மீண்ட அந்த முதல் நாள்கள்தாம். தேவைப்பட்டது பெரும்பாலும் மலிவான சில மாத்திரைகளும் நோயைச் சரியாக இனங்காண்பதும். விலை மிகுந்ததே பயன் மிகுந்தது என்று எண்ணும் நுகர்வோர் மனநிலையைப் பொருளியல் நன்கறியும். மருத்துவத்தில் அந்த மனநிலை உயிரையே விலையாகக் கேட்கிறது. பிந்தி வரும் விலையுயர்ந்த கருவியைவிட, உரிய நேரத்தில் தொடங்கும் எளிய மருந்து பல மடங்கு மதிப்புடையது.

இதைப் படித்துவிட்டு எவரும் தாமாகவே ஆஸ்பிரின் விழுங்கத் தொடங்கக் கூடாது. தந்தை உல்யானவைக் கொன்றது ரத்தக் கசிவு. அத்தகையோருக்கு இதே மாத்திரை எமனாகும். எது அடைப்பு, எது கசிவு என்பதை மூளை ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும். இதயநோயோ பக்கவாதமோ வராத முதியவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆஸ்பிரின் உண்பதால் பயனைவிடக் கசிவு ஆபத்தே மிகுதி என்பதை 2018-இல் வெளிவந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. ஆனால், முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினால், அது ஐந்து நிமிடத்தில் மறைந்துவிட்டாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அசதி என்றோ, வாயு என்றோ, வேலைப்பளு என்றோ காரணம் சொல்லி ஒத்திப்போடக் கூடாது.

லெனின் மேலும் பத்தாண்டுகள் வாழ்ந்திருந்தால் ரஷியா வேறு வழியில் சென்றிருக்கும் என்று நான் உறுதி கூற மாட்டேன். அடக்குமுறையின் அடித்தளத்தை இட்டதில் அவருக்கும் பங்கு உண்டு. ஆனால், நடைமுறைக்காகக் கோட்பாட்டைத் தளர்த்தத் தெரிந்த குரல் 1923 மார்ச்சில் அடங்கியது என்பதும், 1929 முதல் கூட்டுப் பண்ணைகள் விவசாயிகள்மீது திணிக்கப்பட்டுக் கோடிக்கணக்கானோரின் வாழ்க்கை சிதைந்தது என்பதும் வரலாறு. ஒரு தனிமனிதரின் தமனியை நம்பி நாட்டை நடத்துவது எத்தனை ஆபத்தானது என்பது ஆட்சியாளர்களுக்கான பாடம். உடல் விடுக்கும் முதல் எச்சரிக்கையை அலட்சியம் செய்யலாகாது என்பது நம் அனைவருக்குமான பாடம். அன்றைய மருத்துவர்களுக்கு அறியாமை என்னும் காரணம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.