கவி பாடிய இல்லம்

கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் கவிஞர்களாய் வாழ்வது அரிது. அவ்விருவரும் இறைவனைப் பாடிய கையோடு ஏழைகளின் குடிசைகளைத் தேடி நடந்தவர்களாய் இருப்பது அதனினும் அரிது. 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து நாட்டில் அப்படி வாழ்ந்தவர்கள் செசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் அம்மையாரும் அவர்தம் கணவர் வில்லியம் அலெக்சாண்டரும் ஆவர். உலகின் அழகிய பொருள்களையெல்லாம் படைத்தவர் ஆண்டவரே என்று கூறும் 'ஆல் திங்ஸ் பிரைட் அண்ட் பியூட்டிஃபுல்' என்ற பாடலைப் பள்ளியில் பாடாத பிள்ளைகள் சிலரே. ஆனால் அதை எழுதிய அம்மையாரின் பெயரை அறிந்தவர்களோ அதைவிடச் சிலர்.

அம்மையார் 1818ஆம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார். தந்தையார் ஜான் ஹம்ப்ரீஸ் கடற்படையில் மேஜராக இருந்தவர். பின்னர் பெருநிலக்கிழார்களின் நிலங்களை மேற்பார்வை செய்தார். 1833இல் குடும்பம் வடக்கே ஸ்ட்ரபேன் என்னும் ஊரில் குடியேறியது. வசதியான வீடு, நல்ல கல்வி, புத்தகங்கள் என்று எதற்கும் குறைவில்லை. சிறு வயது முதலே செசில் கவிதை எழுதினார். ஆயினும் வீட்டுக்குள் அமர்ந்து எழுதுவதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. தம் சகோதரியுடன் சேர்ந்து, காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி ஏற்பட உழைத்தார்.

அது அயர்லாந்து கண்ணீர் வடித்த காலம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. ஏழைகளின் ஒரே உணவு அதுவே. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவு மக்கள் பிழைப்பைத் தேடிக் கப்பலேறினர்.

இந்தப் பஞ்ச காலத்தில்தான், 1848இல், அவருடைய சிறுவர் ஞானப்பாடல் நூல் வெளிவந்தது. ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்வது சலிப்பாக இருக்கிறது என்று அவருடைய ஞானப்பிள்ளைகள் முறையிட்டதே இந்நூல் பிறக்கக் காரணம் என்பர். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் குழந்தைக்குப் புரியும் பாடலாக்கினார். வானமும் பூமியும் படைத்தவர் என்பதற்கு மேலே சொன்ன பாடல். கன்னிமரியாளிடமிருந்து பிறந்தார் என்பதற்கு 'ஒன்ஸ் இன் ராயல் டேவிட்ஸ் சிட்டி' என்னும் கிறிஸ்துமஸ் பாடல். சிலுவையில் அறையுண்டு மரித்தார் என்பதற்கு, நகர மதிலுக்கு வெளியே உள்ள பசுங்குன்றைப் பற்றிய பாடல். நூற்றாண்டு முடிவதற்குள் அந்நூல் 60க்கும் மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. வந்த வருவாய் அந்தக் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்குச் சென்றது.

1850இல் அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் வில்லியம் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் சபைக் குரு; அச்சபையில் குருக்கள் மணம் புரிவது வழக்கம். அவர் மனைவியைவிட ஆறு வயது இளையவர், சிறந்த பேச்சாளர், தாமும் ஒரு கவிஞர். அவர்களுக்கு ஆண் மக்கள் இருவரும் பெண் மக்கள் இருவரும் பிறந்தனர். முதலில் அவர்கள் வாழ்ந்தது டிரோன் மாவட்டத்தில் ஒரு மலைப்புறப் பங்கு. வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவு. இடையே சதுப்பு நிலமும் ஓயாத மழையும். அம்மையார் குழந்தைகளைக் கவனித்து, வீட்டு வேலைகளை முடித்து, கையில் உணவும் மருந்தும் ஏந்தி அந்த வழிகளில் நடந்தார். ஏழைப் பெண் ஒருத்தியின் புண்ணைக் கழுவிக் கட்டுவதற்காக ஆறு வாரம் நாள்தோறும் நடந்து சென்றார் என்று சொல்லப்படுகிறது. எழுதுவதற்குத் தனிநேரம் அவருக்கு ஏது? இத்தனை வேலைகளுக்கும் இடையில்தான் கவிதை பிறந்தது.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. படைப்பைப் போற்றும் அவருடைய புகழ்பெற்ற பாடலில் ஒரு பத்தி, மாளிகையில் வாழும் செல்வனையும் அவன் வாசலில் நிற்கும் ஏழையையும் காட்டி, அவரவர் நிலை இறைவன் வகுத்தது என்ற பொருளைத் தருகிறது. பஞ்சத்தில் மக்கள் மடிந்துகொண்டிருந்த நாட்டில் அச்சிடப்பட்ட வரிகள் அவை! பெருநிலக்கிழார்களின் நிழலில் வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஏற்றத்தாழ்வு சூரியனும் மழையும் போல இயற்கையாகவே தோன்றியது போலும். பிற்காலத்தவர் அதை ஏற்கவில்லை. 1906இல் வெளிவந்த ஆங்கிலப் பாடற்புத்தகம் ஒன்று அப்பத்தியை நீக்கியது; இன்றும் பெரும்பாலான புத்தகங்களில் அது இல்லை. ஏழையை வாசலில் நிறுத்தியது மனிதரின் பேராசையேயன்றி ஆண்டவரின் திருவுளம் அன்று.

ஆனால் அம்மையாரின் பேனா சறுக்கிய இடத்தில் அவருடைய கால்கள் சறுக்கவில்லை. வாசலில் நின்ற ஏழையை அவர் வெறுமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அவனுடைய குடிசைக்கே சென்றார். 1867இல் வில்லியம் டெரி நகரின் ஆயரானார். ஆயர் இல்லத்துக்குப் பெரிய மனிதர்கள் வந்தனர். அம்மையாரோ அந்நகரின் ஏழைத் தெருக்களை மறக்கவில்லை. வாழ்வில் தவறிய பெண்களுக்கு ஓர் இல்லம் அமையவும், வீடுதேடிச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் தாதியர் பணி வளரவும் துணை நின்றார். 1889இல், புனித பேட்ரிக்கின் பெயரால் வழங்கும் பழைய ஐரிஷ் மன்றாட்டை ஆங்கிலப் பாடலாக்கித் தந்தார். சபை வேறாயினும், கத்தோலிக்கரும் போற்றும் புனிதரின் மன்றாட்டு அது.

1895 அக்டோபர் 12ஆம் நாள் அம்மையார் டெரியில் இறைவனடி சேர்ந்தார். அடுத்த ஆண்டே வில்லியம் அவருடைய கவிதைகளைத் தொகுத்து, தாமே முன்னுரை எழுதி வெளியிட்டார். அதே ஆண்டில் அவர் அர்மா நகரின் பேராயராகவும் உயர்ந்தார். இருந்தும், பசுங்குன்றுப் பாடலை எழுதியவரின் கணவர் என்றே உலகம் தம்மை நினைவில் வைக்கும் என்று மகிழ்ச்சியோடு கூறுவாராம். மனைவியின் புகழில் பொறாமை கொள்ளாத அந்த உள்ளமும் ஒரு கவிதையன்றோ! 1911இல் அவரும் மறைந்து, டெரியிலேயே மனைவியின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

1919 முதல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் பாடல் வழிபாடும் அம்மையாரின் பாடலோடுதான் தொடங்குகிறது. ஒரே ஒரு சிறுவன் தனித்த குரலில் முதல் பத்தியைப் பாட, ஆலயமே அமைதியில் ஆழ்ந்துவிடும்.

அன்பு மாணவிகளே, நம்மில் எல்லோருக்கும் கவி பாடும் வரம் கிடைப்பதில்லை. ஆனால் வாசலில் நிற்பவரைக் காணும் கண்ணும், அவரிடம் நடந்து செல்லும் காலும் நமக்கு உண்டு. பாட்டில் பிழை நேர்ந்தால் பின்வருவோர் நீக்கிவிடுவர். செய்யாமல் விட்ட நன்மையை யார் வந்து நிரப்புவார்? அம்மையாரின் பாடலைப் பாடும்போதெல்லாம், மழையில் நனைந்த அந்தப் பாதையையும் நினைத்துக்கொள்வோமாக.