குலத்தால் அல்ல, விசுவாசத்தால்: வேதசாட்சி தேவசகாயம்



நம் யூபிலி மலரில் ஒரு புனிதரின் வாழ்வை நினைவுகூர விரும்பினோம். குருவாகவோ துறவியாகவோ இல்லாமல், மனைவியோடு இல்லறம் நடத்திய ஒருவரையே தேர்ந்துகொண்டோம். அவரே புனித தேவசகாயம். அவரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில், உயர்குல இந்துக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். நீலகண்டன் என்பது பெற்றோர் இட்ட பெயர். பிள்ளை என்பது குலம் தந்த பட்டம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் உத்தியோகம். செல்வாக்கிற்குக் குறைவில்லை. ஆயினும் அடுத்தடுத்து வந்த நஷ்டங்களால் அவர் மனம் உடைந்தது. 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையிலேயே பணி ஏற்ற டச்சு அதிகாரி டிலனாய் அவருக்கு நண்பரானார். யோபுவின் சரித்திரத்தை அவர் வாயிலாகக் கேட்ட நீலகண்டனின் உள்ளத்தில் விசுவாசத்தின் ஒளி உதித்தது.

1745ஆம் ஆண்டு மே 14ஆம் நாள், அரச எல்லைக்கு அப்பால் இருந்த வடக்கன்குளத்தில், சேசு சபைக் குரு புத்தாரி சுவாமியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று; கடவுளே துணை என்பது அதன் பொருள். அவருடைய மனைவியும் ஞானப்பூ என்னும் பெயரோடு திருச்சபையில் சேர்ந்தார்.

சின்னப்பர் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், ஆபிரகாமின் மக்கள் யார் என்பதற்கு இரத்தத்தை அளவாக வைக்கவில்லை; விசுவாசத்தையே வைத்தார். தேவசகாயம் இதை வாழ்ந்து காட்டினார். தாழ்த்தப்பட்டோர் என ஒதுக்கப்பட்டவர்களோடு ஒன்றாய் அமர்ந்தார், அவர்களோடு உண்டார், எல்லாரும் சமம் என்றார். உயர்குலத்தார் பொறுப்பார்களோ? 1749 பெப்ருவரியில் அவர் கைதானார். எருமையின் மேல் பின்னோக்கி உட்கார்த்தி ஊர் ஊராய் இழுத்துச் சென்றனர், அடித்தனர், புண்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர். மூன்றாண்டு வேதனைக்குப் பின், 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றனர். அவருடைய திருவுடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் துறந்த குலப்பட்டம் மட்டும் அவரை விடவில்லை. 2012 டிசம்பர் 2ஆம் நாள் முத்திப்பேறு பெற்றபோதும் அது அவர் பெயரோடு ஒட்டியிருந்தது. அது தகாது என்று விசுவாசிகள் முறையிட்டனர். திருச்சபை செவிமடுத்தது. 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் உரோமையில் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தப் பட்டம் இல்லை. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயரே நிலைத்தது.

அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கட்டிய ஆலயத்தில், சாதி வாரியாக மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டபோது எதிர்த்து வழக்காடியவர்களும் கிறிஸ்தவர்களே என்பதை வெட்கத்தோடு சொல்கிறோம்.

நம் சேத்துப்பட்டிலோ, தாராஸ் சுவாமியார் உழைத்த காலத்தில், தாது வருடப் பஞ்சத்தையொட்டி ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாய்த் திருச்சபையை நாடி வந்தனர். அவர்களுடைய விசுவாசமே நம் பங்கின் அஸ்திவாரம். அப்படியிருக்க, திருமணப் பேச்சில் முதலில் எதைக் கேட்கிறோம்? கல்லறைத் தோட்டத்தில் யாருக்குப் பக்கத்தில் யாரை அடக்கம் செய்யச் சம்மதிக்கிறோம்? திருவிழாவில் யார் கை தேர் வடத்தைத் தொடுகிறது என்று பார்க்கிறோமா? குருக்களாகிய நாமும் பல வேளைகளில் சமாதானம் கெடக்கூடாதென்று வாய் மூடி இருந்திருக்கிறோம். இந்த யூபிலி ஆண்டில் அதற்காக மனம் வருந்துகிறோம்.

பட்டு நெசவு அறிந்த ஊரார் நாம். தறியில் ஏறிய நூலை எந்தக் கூட்டிலிருந்து வந்ததென்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லா இழையும் சேர்ந்தால்தான் சேலை. ஞானஸ்நானத் தண்ணீரில் நாம் பெற்ற பெயரே நமக்குப் போதும். அதற்கு மேல் ஒரு பட்டத்தைச் சுமக்காதிருக்கும் துணிவை, புனித தேவசகாயத்தின் மன்றாட்டால் இறைவன் நமக்கு அருள்வாராக.