தையற்காரர் மகன் தந்த கணிதம்

மின்தடை நேர்ந்தாலும் இன்று பல வீடுகளில் விசிறி நிற்பதில்லை. இன்வெர்ட்டர் அதைச் சுழற்றுகிறது. அக்கருவிக்குள் ஒளிந்திருக்கும் கணிதத்தை நமக்குத் தந்தவர் யார் தெரியுமா? பிரெஞ்சு அறிஞர் ஜோசப் ஃபூரியர்.

1768-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள் ஓசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார் ஃபூரியர். பத்து வயதளவில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். ஊரிலிருந்த இராணுவப் பள்ளி அவரை ஆதரித்தது. பீரங்கிப் படையில் சேர விழைந்தார். உயர்குடிப் பிறப்பு இல்லாததால் கதவு அடைக்கப்பட்டது. புரட்சிக் காலத்தில், 1794-இல், சிறையும் கண்டார். 1798-இல் நெப்போலியனுடன் எகிப்து சென்று திரும்பி, கிரெனோபிள் நகரில் மாவட்ட ஆட்சியர் போன்றதொரு பதவி வகித்தார்.

அலுவல்களுக்கிடையே வெப்பம் பரவும் விதத்தை ஆராய்ந்தார். திரும்பத் திரும்ப வரும் அலை எவ்வளவு கோணலானாலும் அதைச் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 1807-இல் பாரிசு அறிஞர்கள் முன் அறிவித்தார். மாமேதை லக்ராஞ்சு அதை ஏற்கவில்லை. 1812-இல் பரிசு வழங்கியபோதும் நடுவர்கள் குறை கூறினர். ஃபூரியர் தளரவில்லை. 1822-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு!

இதற்கும் இன்வெர்ட்டருக்கும் என்ன தொடர்பு? பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். அதை விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகத் திருப்பினால் சதுர அலை கிடைக்கும். அதற்குள் 150, 250 எனப் பிற அதிர்வெண்களும் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு அளவில் கலந்திருப்பதை ஃபூரியர் தொடர் காட்டிக்கொடுக்கிறது. மோட்டார் இரைவதும் வீணாகச் சூடேறுவதும் இவற்றால்தான்.

இங்கே மைக்ரோகன்ட்ரோலர் உதவுகிறது. சைன் மதிப்புகளை அட்டவணையாக நினைவில் வைத்து, விநாடிக்குப் பல்லாயிரம் முறை சுவிட்சை மூடித் திறக்கிறது. அலையின் உச்சியில் நீண்ட துடிப்புகள்; ஓரங்களில் குறுகிய துடிப்புகள். வேண்டாத அதிர்வெண்கள் ஆயிரங்களுக்கு உயர்ந்துவிடுகின்றன. சிறு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் அவற்றை வடிகட்ட, 50 மட்டும் எஞ்சுகிறது.

சங்கரன்கோவிலின் விசைத்தறி ஓசையில் வளர்ந்து, என் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். ஃபூரியர் தொடரைக் கடினம் என்று ஒதுக்கும் நண்பர்களே! அதை எழுதியவரும் எளிய வீட்டுப் பிள்ளையே. 1830-இல் அவர் மறைந்தார்; அவருடைய கணக்கு நம் வீட்டு விசிறியை இன்றும் சுழற்றுகிறது. இன்றே ஒரு சதுர அலையைப் பிரித்துப் பாருங்கள்!