பரிவிலையும் பிட்டுக் கூலியும்
(மணிவாசகப் பெருமான் வரலாறு)

பழனி மலைத்தொடரின் கீழ்மலைப் பகுதியில் தாண்டிக்குடி, பன்றிமலை, ஆடலூர் முதலிய சிற்றூர்கள் அமைந்துள்ளன. மிளகும் ஏலமும் காப்பியும் மலைவாழையும் விளையும் நாடு இது. வண்டி ஏற இயலாத மலைச்சரிவுகளிலே விளைபொருளைப் பொதியாகச் சுமந்து இறக்கும் துணை, மட்டக் குதிரையே. இம்மலைத்தொடரின் தென்சரிவிலே பிறக்கும் மஞ்சளாறும் மருதாநதியும் சமவெளியிலே இறங்கி வைகையோடு கலக்கின்றன. குதிரையின் அருமையையும் வைகைக்கு நீர் செல்லும் வழியையும் ஒருங்கே அறிந்தவர் இம்மலைவாழ் மக்கள். குதிரை கொள்ளச் சென்ற இடத்தில் குருநாதனைப் பெற்று, வைகை வெள்ளத்தினால் சிறை நீங்கிய மணிவாசகப் பெருமானின் வரலாறு அவர்கள் நெஞ்சிற்கு மிக அணியது. ஆடல் என்னும் சொல்லைத் தன் பெயரிலேயே தாங்கிய ஊரார்க்கு, ஆலவாய் அண்ணல் ஆடிய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் நான்கு இவ்வடியார் பொருட்டே நிகழ்ந்தன என்பதை நினைவூட்டுதல் தகும்.

மதுரைக்கு வடகிழக்கே, மேலூருக்கு அணித்தாக உள்ளது திருவாதவூர். அங்கே அமாத்தியர் குலத்தில் தோன்றியமையால் அவர் வாதவூரர் எனப்பட்டார். அவர் காலம் கி.பி. 9ஆம் நூற்றாண்டு என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. இளமையிலேயே கலைகள் யாவும் கற்றுத் தேர்ந்த அவரை அரிமர்த்தன பாண்டியன் அழைத்து, தென்னவன் பிரமராயன் என்னும் பட்டமும் முதலமைச்சர் பதவியும் அளித்தான். அரசன் நம்பிக்கை முழுவதும் அவர்பால் நின்றது. ஆயினும் பதவியின் பெருமிதத்தில் அவர் மனம் தோயவில்லை. பிறவிக் கடல் கடத்தும் குருவினையே அது தேடிக் கொண்டிருந்தது.

அந்நாளில் அரசர்க்குப் படையின் உயிர்நிலை குதிரை. தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் கலந்த காற்றும், இங்குள்ள மேய்ச்சலும் உயர்ந்த சாதிக் குதிரைகளின் வளர்ப்பிற்கு ஏற்றவை அல்ல. ஆகவே அவை கடல் வழியே வந்தாக வேண்டும். சங்க காலத்திலேயே காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குதிரைகள் கலத்தில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை தெரிவிக்கின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்களில் மலைநாட்டிலிருந்து வந்த குதிரைச்செட்டிகள் குறிக்கப்படுகின்றனர். மணிவாசகருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டு, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், இவ்வாணிகம் பெருகிய நிலையை வெளிநாட்டார் இருவர் எழுதி வைத்தனர். பாண்டிய நாட்டை ஆண்ட அரசர் ஐவருள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், பேணும் முறை அறிந்தாரும் குதிரை வைத்தியரும் இன்மையால் ஆண்டு முடிவில் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ குறித்தார். பாரசீக வரலாற்று ஆசிரியர் வசாஃப் விலையையும் கூறினார். கிஷ் தீவின் தலைவரான ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்புவதென்றும், குதிரை ஒன்றிற்கு 220 தீனார் செம்பொன் கொடுப்பதென்றும் உடன்படிக்கை இருந்தது. அவ்வளவில் மட்டும் ஆண்டிற்கு 3,08,000 தீனார் ஆகும். வழியிலே கடலில் இறந்துபட்ட குதிரைக்கும் அதே விலை பாண்டியன் கருவூலத்தினின்று கொடுக்கப்பட்டது என்பது அறிந்து வியக்கத்தக்கது. குடிகளின் வரி பொன்னாகிப் பரியாகி, ஓராண்டிற்குள் மண்ணாயிற்று.

இத்தகைய பெருஞ்செலவிற்குரிய பொறுப்பே வாதவூரர் கையில் ஒப்படைக்கப்பட்டது. கீழைக் கடற்றுறையிலே நல்ல குதிரைகள் வந்திறங்கின என்று செய்தி கிடைக்க, அரசன் கருவூலத்தைத் திறந்து வேண்டும் பொன் கொடுத்து அவரை அனுப்பினான். பரிவாரத்துடன் சென்ற அமைச்சர், வெள்ளாற்றங்கரை நாட்டில் உள்ள திருப்பெருந்துறையை அடைந்தார். அங்கே ஒரு குருந்த மரத்து நிழலில், அடியார் குழாம் சூழ, ஞான நூல் கையிலேந்திய குரு ஒருவர் எழுந்தருளியிருந்தார். தேடிய பொருள் தானே வந்து நின்றது. வாதவூரர் அடியற்ற மரம் போல வீழ்ந்து பணிந்தார். இறைவனே குருவாகித் திருவடி தீக்கை செய்து, மாணிக்கவாசகன் என்னும் திருப்பெயரும் சூட்டியருளினான். அதன்பின் குதிரை நினைவு அவர் உள்ளத்தில் இல்லை. கொண்டு வந்த பொன் யாவும் திருப்பெருந்துறைத் திருக்கோயில் திருப்பணிக்கும் அடியார் வழிபாட்டிற்கும் ஆயிற்று.

இங்கே சிந்திக்கற்பாலது ஒன்று உண்டு. அப்பொன் அவருடையது அன்று. அரசன் நம்பிக் கொடுத்தது. குடிகள் உழைத்து ஈந்தது. பிறர் பொருளால் செய்த திருப்பணி அறமாகுமா என்னும் வினா எழுவது இயல்பு. அடியார் செயல் என்று அதனை மூடி மறைத்துவிடாமல், கணக்குக் கேட்கப்பட்ட நாளையும் ஒளியாது கூறுவதே இவ்வரலாற்றின் பெருமை.

ஒற்றர் வாயிலாகச் செய்தி அறிந்த பாண்டியன் ஓலை போக்கினான். பெருந்துறை இறைவன், ஆவணி மூல நாளில் குதிரைகள் வரும் என்று அரசனிடம் கூறப் பணித்து, மாணிக்க மணி ஒன்றும் கொடுத்து அவரை அனுப்பினான். நாள் நெருங்கியும் குதிரை வாராமையால் அரசன் ஐயுற்று அமைச்சரைத் தண்டிக்கலானான். அப்பொழுது காட்டு நரிகள் பரிகளாயின, சிவகணங்கள் பாகராயினர், பெருமான் தானே குதிரைச் சேவகனாகி மதுரை வீதியில் வந்தான். பரிகளின் நடையும் அழகும் கண்டு மகிழ்ந்த அரசன் பட்டாடை பரிசளித்தான். வாணிகர் முறைப்படி கயிறு மாற்றிக் கொடுக்கப்பட்டது. கயிறு கைமாறிய பின் விற்றவனுக்குப் பொறுப்பில்லை என்பது குதிரை வாணிகத்தின் வழக்கு. அன்றிரவே பரிகள் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் முன்பிருந்த குதிரைகளையும் கடித்துக் குதறி ஓடின. பிற்காலத்து மன்னர் கருவூலத்தை வறிதாக்கி ஓராண்டில் நிகழ்ந்த இழப்பினை இவ்விளையாடல் ஓரிரவிலே காட்டிவிட்டது எனலாம்.

அரசன் சினம் எல்லை கடந்தது. வாதவூரர் வைகையின் சுடுமணலில் நிறுத்தப்பட்டு வருந்தினார். அடியார் துயர் பொறாத பெருமான் வைகையிலே வெள்ளம் பெருகச் செய்தான். கரை உடைந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தம் பங்குக் கரையை அடைக்க வேண்டுமென முரசு அறைந்தனர். பிட்டு விற்று உயிர் வாழ்ந்த வந்தி என்னும் மூதாட்டிக்கு ஆள் இல்லை. சோமசுந்தரப் பெருமான் கூலியாளாய் மண்வெட்டியும் கூடையும் தாங்கி வந்தான். உதிர்ந்த பிட்டே கூலி எனப் பேசி உடன்பட்டான். பிட்டை உண்டான், மண் சிறிது சுமந்தான், ஆடினான், உறங்கினான். பங்கு அடைபடாமை கண்ட பாண்டியன் பொற்பிரம்பால் முதுகில் அடித்தான். அவ்வடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் அமைச்சர் முதுகிலும் எல்லா உயிர்கள் மீதும் பட்டது. கூலியாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மறைந்தான், கரை அடைபட்டது. உண்மை உணர்ந்த அரசன் வாதவூரர் அடி பணிந்து பிழை பொறுக்க வேண்டினான்.

அடியார் பெற்ற கடனுக்கு ஆண்டவனே அடி வாங்கினான். செம்பொன் கொடுத்துக் கொள்ளும் பரியை விலையின்றி விற்றவன், உதிர்ந்த பிட்டிற்குத் தன் உழைப்பை விற்றான். அரசன் பொன்னுக்கு நரி கிடைத்தது. ஏழை மூதாட்டியின் பிட்டிற்கு இறைவனே கிடைத்தான். பொருளின் அளவன்று, அது வந்த வழியும் கொடுக்கும் அன்பும் திருமுன் நிறுக்கப்படுகின்றன.

அதன்பின் மணிவாசகர் அமைச்சுப் பதவியைத் துறந்தார். அரசன் பொருளில் ஒரு காசும் உடன் கொள்ளாது தலந்தோறும் சென்று பாடினார். தில்லையை அடைந்து, ஈழத்திலிருந்து வந்த புத்தரை வாதில் வென்றார். அவர்களுடன் வந்த மன்னனின் ஊமை மகள் விடை கூறுமாறு செய்தார். 51 பகுதிகளையுடைய திருவாசகமும் 400 பாடல்களையுடைய திருக்கோவையாரும் எட்டாந் திருமுறையாக விளங்குகின்றன. திருவாசகத்தைத் தில்லைக் கூத்தன் தன் கையாலேயே எழுதிக்கொண்டான் என்பது மரபு. பாடல்களின் பொருள் யாதெனத் தில்லைவாழ் அந்தணர் வினவ, அம்பலவனைச் சுட்டி அவனோடு இரண்டறக் கலந்தார். ஆனி மகம் அவர் குருபூசைத் திருநாள்.

திருப்பெருந்துறை இன்று புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆவுடையார்கோயில் என வழங்குகின்றது. அங்கே கருவறையில் இலிங்க வடிவம் இல்லை. ஆவுடையார் மட்டுமே உள்ளது. பொங்கி எழும் சோற்று ஆவியே நிவேதனம். மதுரையிலே ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய விழாவும் பிட்டுக்கு மண் சுமந்த விழாவும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றன. அன்று அரசர் வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளின் சுவடு இல்லை. குதிரைப் பொன்னால் எழுந்த கோயிலும் அப்பொன்னால் வருந்திய அடியாரின் பாட்டும் நிலைத்து நிற்கின்றன.

திருப்பணிக்குப் பொருள் ஈயும் அன்பர்கள், தம் உழைப்பால் வந்ததை வந்தியின் பிட்டைப் போல மனமுவந்து அளிப்பராக. பொருளைப் பெற்று நடத்துவோர், ஒவ்வொரு காசிற்கும் ஆலவாய் அண்ணல் முதுகிலே அடி வாங்கியதை எண்ணிக் கணக்குக் காப்பாராக. கீழ்மலை முகில்கள் பொழிந்து வைகை நிறைக! கரைகள் காக்கப்படுக! மணிவாசகப் பெருமான் மலரடி வாழ்க!