தேவகோட்டை ரஸ்தாவில் டைரக்ஷன் பாடம்: மூங்கில், கீற்றில் ஸ்டூடியோ கட்டிய ஏவி.எம்.

தேவகோட்டை:
சினிமா டைரக்டர் ஆகணும் என்ற கனவோடு மெட்ராசுக்கு பஸ் ஏறும் பையன்கள் நம்ம பக்கம் ஏராளம். ஆனால் ஒரு காலத்தில் மெட்ராசில் இருந்த சினிமாக்காரர்கள் நம்ம ஊர்ப் பக்கம் வந்து தொழில் பழகினார்கள். அதற்குக் காரணமானவர் ஏவி.மெய்யப்ப செட்டியார்.

காரைக்குடியில் 1907-ம் ஆண்டு ஜூலை 28-ந்தேதி பிறந்தவர் இவர். தந்தை ஆவிச்சி செட்டியார், "ஏவி அண்டு சன்ஸ்" என்ற கடை நடத்தினார். அதில் கிராமபோன் ரிக்கார்டும் விற்றார்கள். சின்ன வயதிலேயே மெய்யப்பன் கடையில் உட்கார்ந்துவிட்டார். எந்தப் பாட்டை ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள் என்பது அங்கேயே அவருக்கு அத்துப்படி ஆனது.

பிறகு சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு "சரஸ்வதி ஸ்டோர்ஸ்" தொடங்கி, சொந்தமாக ரிக்கார்டு வெளியிட்டார். வியாபாரம் நன்றாக நடந்தது.

கையைச் சுட்ட படங்கள்

அடுத்து சினிமா ஆசை வந்தது. 1935-ல் கல்கத்தா போய் "அல்லி அர்ஜுனா" எடுத்தார். படம் படுத்துவிட்டது. அடுத்து எடுத்த "ரத்னாவளி"யும் காலை வாரியது. வேறொருவராக இருந்தால் ரிக்கார்டு கடையே போதும் என்று திரும்பியிருப்பார். மனுஷன் அசரவில்லை.

டைரக்ஷன் கற்றுத்தர அப்போது அரசாங்கப் பள்ளி எதுவும் கிடையாது. புனே திரைப்படக் கல்லூரியே 1960-ல்தான் வந்தது. பக்கத்தில் இருந்து பார்த்து, பணத்தை இழந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும். அப்படித்தான் கற்றார்.

1938-ல் வந்த "நந்தகுமார்" அவரை நிமிர வைத்தது. டி.ஆர்.மகாலிங்கம் அறிமுகமான படம் அது. நடிகைக்கு வேறொருவர் குரல் கொடுக்கும் பின்னணிப் பாட்டு முறையை அதில் பயன்படுத்தினார். 1941-ல் "சபாபதி" காமெடிப் படம் சக்கைப் போடு போட்டது. அதை ஏ.டி.கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து டைரக்டும் செய்தார். கன்னட "ஹரிச்சந்திரா"வுக்கு 1944-ல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார்.

1945-ல் "ஸ்ரீவள்ளி". கதாநாயகி ருக்மணி பாடிய பாட்டில் செட்டியாருக்குத் திருப்தி இல்லை. பி.ஏ.பெரியநாயகியைப் பாட வைத்துக் குரலை மாற்றினார். படம் பிரமாதமாக ஓடியது.

ரஸ்தாவில் ஸ்டூடியோ

கையில் காசு இருந்தும் சென்னையில் ஸ்டூடியோ கட்ட முடியவில்லை. யுத்த கால நெருக்கடி, மின்சாரம் கிடைக்கவில்லை. செட்டியார் சொந்தச் சீமைக்கே திரும்பினார்.

காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையையும் அதைச் சுற்றிய இடத்தையும் வாடகைக்குப் பிடித்தார். மூங்கில், கீற்றுகளால் குடிசைகள் எழும்பின. நடிகர்கள், டெக்னீஷியன்கள் எல்லோருக்கும் தங்கல் அங்கேயேதான்.

முதல் படம் "நாம் இருவர்". மேடை நாடகமாக நடந்த கதையை வாங்கி, செட்டியாரே டைரக்ட் செய்தார். பாரதியார் பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். நாடு சுதந்திரம் அடைவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1947 ஜனவரியில் படம் வெளிவந்தது. தியேட்டர்களில் கூட்டம் அலைமோதியது.

1948-ல் "வேதாள உலகம்" வெளியானது. அதே ஆண்டு ஸ்டூடியோ சென்னை கோடம்பாக்கத்துக்கு இடம் மாறியது.

உருவான டைரக்டர்கள்

இன்றைக்கு டைரக்டர் கனவில் இருக்கும் தம்பிகள் கவனிக்க வேண்டியது, அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் எந்த வழியாக மேலே வந்தார்கள் என்பதைத்தான்.

"நாம் இருவர்" நாடகத்தை எழுதியவர் ப.நீலகண்டன். அவரே படத்துக்கும் வசனம் எழுதினார். 1951-ல் ஏவி.எம்.மின் "ஓர் இரவு" படத்துக்கு டைரக்டர் ஆனார். பின்னாளில் "காவல்காரன்", "மாட்டுக்கார வேலன்" என்று எம்.ஜி.ஆர். படங்களை வரிசையாக இயக்கினார்.

"நாம் இருவர்" படத்தில் நடித்த பி.ஆர்.பந்துலு, பிறகு "வீரபாண்டிய கட்டபொம்மன்" எடுத்தார். எடிட்டிங் அறையில் இருந்த எம்.வி.ராமன், செட்டியாரின் இந்திப்படம் "பஹார்" படத்தை டைரக்ட் செய்தார்.

காரைக்குடிக்காரரான எஸ்.பி.முத்துராமனும் ஏவி.எம். எடிட்டிங் பிரிவில் சின்ன வேலையில் சேர்ந்தவர்தான். படிப்படியாக உதவி டைரக்டராகி, 1972-ல் "கனிமுத்து பாப்பா"வில் டைரக்டர் ஆனார். ரஜினியின் "முரட்டுக்காளை"யை ஏவி.எம்.முக்காகவே 1980-ல் இயக்கினார்.

எடுத்தவுடன் யாரும் மைக் பிடிக்கவில்லை. ஒருவர் எழுத்து, ஒருவர் நடிப்பு, மற்றவர்கள் வெட்டி ஒட்டும் மேஜை என்று ஒரு வேலையைக் கையில் வைத்திருந்தார்கள். அந்த வேலைதான் அவர்களை ஸ்டூடியோவுக்குள் நிறுத்தியது.

பேர் தெரிந்த டைரக்டர்கள் ஆளுக்கு ஒருவராகக் கிளம்பிய பிறகு, செட்டியார் டைரக்ஷனை அவர்களிடமே விட்டுவிட்டுத் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார். 1979 ஆகஸ்ட் 12-ந்தேதி காலமானார்.

இப்போது சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. பிளஸ்-2 முடித்தவர்கள் டைரக்ஷன், எடிட்டிங், ஒளிப்பதிவு படிக்கலாம். இடம் கிடைக்காதவர்களுக்கு உதவி டைரக்டர் என்ற பழைய வழி அப்படியே இருக்கிறது. சம்பளம் கைக்கு வர நாளாகும். சாப்பாட்டுக்கு ஒரு கைத்தொழில் கூட இருந்தால் தாக்குப்பிடிக்கலாம். எடிட்டிங் தெரிந்த பையனை எந்த ஆபீசிலும் சும்மா திருப்பி அனுப்ப மாட்டார்கள்.