மிட்டாய் காய்த்த மரம்

கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் மேல்நாட்டுக் குழந்தைகளுக்கு ஒரே கொண்டாட்டம்! வீட்டுக்குள் பச்சை மரம் ஒன்றை நிறுத்துவார்கள். பெரியவர்களோடு சேர்ந்து மிட்டாய், பிஸ்கோத்து எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிடுவார்கள். பிறகு பறித்துத் தின்பார்கள்.

இங்கிலாந்தில் இந்த வழக்கத்தைப் புகுத்தியவர் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். ஆனால், அவர் பிறப்பதற்கு முன்பே அப்படி ஒரு மரத்தை வைத்துக் குழந்தைகளை மகிழ்வித்தவர் ஒருவர் உண்டு. அவர்தான் விக்டோரியாவின் பாட்டி, சார்லட் ராணி!

தாயை இழந்த மணப்பெண்

சார்லட் 1744-ம் ஆண்டு மே 19-ந் தேதி பிறந்தார். ஜெர்மனியில் உள்ள மெக்லன்பர்க்-ஸ்ட்ரெலிட்ஸ் என்ற சிறிய சமஸ்தானம் அவருடைய தாயகம். எட்டு வயதில் தந்தை போனார். 1761-ல், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு அவரைப் பெண் பேசிய சமயத்தில் தாயும் கண்ணை மூடினார்.

அந்தத் துக்கம் ஆறுமுன்பே சார்லட் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 17. ஆங்கிலம் தெரியாது. வழியெல்லாம் புயல். செப்டம்பர் 8-ந் தேதி லண்டன் வந்து சேர்ந்தார். மாப்பிள்ளையை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அன்று இரவே கல்யாணம்! அதன்பின் பிறந்த நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை.

ஆனால், பிறந்த நாட்டின் வழக்கம் ஒன்று அவருடன் வந்தது. அவருடைய ஊர்ப் பக்கத்தில் கிறிஸ்துமசுக்கு 'யூ' என்னும் மரத்தின் கிளை ஒன்றை வீட்டில் வைத்து அலங்கரிப்பார்கள். ராணியும் அரண்மனையில் அவ்வாறே செய்தார். தோழிப் பெண்களோடு தாமும் சேர்ந்து, கிளையில் சிறு மெழுகுவத்திகளைப் பொருத்துவார்.

அவருக்குப் பிறந்த குழந்தைகள் 15 பேர். அவர்களில் இரண்டு ஆண் குழந்தைகளை 1782-லும் 1783-லும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். 1788-ல் இன்னொரு இடி விழுந்தது. மன்னருக்குச் சித்தம் கலங்கிவிட்டது. மறு ஆண்டு குணமானார். என்றாலும், நோய் மறுபடி வருமோ என்ற பயம் ராணியை விடவில்லை.

1800-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ்

அப்படிப்பட்ட நிலையிலும் 1800-ம் ஆண்டுக் கிறிஸ்துமசை ராணி விமரிசையாகக் கொண்டாடினார். விண்ட்சரில் அன்று 60 ஏழைக் குடும்பங்களுக்கு விருந்து அளிக்கப்பட்டது. மாலையில், அக்கம்பக்கத்துப் பெரிய குடும்பங்களின் குழந்தைகள் குவீன்ஸ் லாட்ஜ் என்ற மாளிகைக்கு அழைக்கப்பட்டார்கள்.

உள்ளே நுழைந்த குழந்தைகள் கண்ட காட்சி என்ன தெரியுமா? கூடத்தின் நடுவே, தொட்டியில் ஒரு முழு யூ மரம்! கிளைகளில் மிட்டாய்க் கொத்துகள். காகிதத்தில் பொட்டலம் கட்டிய வாதுமைப் பருப்பு, உலர்ந்த திராட்சை. பழங்கள், பொம்மைகள். நடுநடுவே மெழுகுவத்திச் சுடர்கள்.

யூ மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. அந்த மரத்தில்தான் அன்று தித்திப்பு காய்த்துத் தொங்கியது! குழந்தைகள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் மரத்திலிருந்து மிட்டாயும் ஒரு பொம்மையும் கிடைத்தன. எல்லாரும் துள்ளிக் குதித்து வீடு திரும்பினார்கள்.

ராணியின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. இரண்டே மாதத்தில், 1801 பிப்ரவரியில் மன்னரின் நோய் திரும்பியது. 1810-ல் வந்த நோய் தீரவே இல்லை. அவருடைய கண் பார்வையும் போயிற்று. 1818-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி கியூ மாளிகையில் ராணி காலமானார். மனைவி மறைந்ததைக்கூட அறியாத நிலையில் மன்னர் இருந்தார்.

பேத்தியின் கையில்

பேத்தி விக்டோரியா பிறந்தது 1819-ல்தான். பாட்டியை அவர் பார்த்ததே இல்லை. ஆனால், 1832-ல் தம் 13-வது வயதில், விளக்குகளும் சர்க்கரைப் பண்டங்களும் தொங்கிய கிறிஸ்துமஸ் மரங்களைக் கண்டு மகிழ்ந்து நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1848-ல் விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் குழந்தைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வெளிவந்தது. அதன்பின் வழக்கம் நாடெங்கும் பரவியது. பெயர் ஆல்பர்ட்டுக்குப் போயிற்று.

தாய் தந்தையை இழந்து, அந்நிய நாட்டில் வாழ்க்கைப்பட்டுத் துன்பம் பல கண்டவர் சார்லட். தம் வீட்டில் கவலை குடியிருந்தபோதும் ஊரார் வீட்டுக் குழந்தைகளின் வாயை இனிக்க வைத்தார். மிட்டாய் மரத்தைச் சுற்றி ஆடிப் பாடும் குழந்தைகளின் மகிழ்ச்சியில் அந்த ராணிக்கும் பங்கு உண்டு.