பேராசிரியர் ம. மு. உவைஸ்

மாணவர்களே, முஸ்லிம் புலவர் பாடிய தமிழ் நூல் ஒன்றைக் கூறுக என்றால், பசறைத் தோட்டப் பாடசாலையில் படிப்பவரும் பதுளை நகரில் படிப்பவரும் உமறுப்புலவரின் சீறாப்புராணம் என்று உடனே சொல்வீர்கள். இன்னொன்று கூறுக என்றால் வகுப்பு மௌனமாகிவிடும். அந்த மௌனத்தைப் போக்குவதற்கே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் உவைஸ் அவர்கள்.

இவர் 1922ஆம் ஆண்டு பாணந்துறையில் பிறந்தார். சிங்களம் பேசுவோர் மிகுந்த அப்பகுதியிலிருந்து சென்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் சுவாமி விபுலாநந்தரிடம் தமிழ் பயின்றார். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியைத் தமது முதுகலைமாணிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். அவ்வாய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

இது இலகுவான வேலையன்று. பல நூல்கள் ஏட்டுச் சுவடிகளாகவும் மறுபதிப்புக் காணாத பழைய அச்சுப் பிரதிகளாகவும் சிதறிக் கிடந்தன. சில அரபுத்தமிழில் இருந்தன. அதாவது மொழி தமிழ், எழுத்து அரபு. அரபு எழுத்தறியாத தமிழறிஞரால் அவற்றைத் திறந்து படிக்கவே முடியாது. தேடி எழுதிவைக்க ஒருவர் இல்லையென்றால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டியிராவிட்டால் நம் தோட்டத்துப் பாடல்களில் எத்தனை இன்று கிடைத்திருக்கும்?

உவைஸ் அவர்களின் ஆய்வுகளில் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குத் தந்த புதிய இலக்கிய வடிவங்களை அவர் விளக்கியமையாகும். மசலா என்பது வினா விடையாக அமைவது. 1572இல் அரங்கேறிய ஆயிரமசலா இதற்குச் சான்று. கிஸ்ஸா கதை கூறுவது. முனாஜாத்து இறைவனிடம் இரந்து வேண்டுவது. இம்மூன்றும் அரபுச் சொற்கள். நாமா மட்டும் பாரசீகச் சொல். இதையும் அரபு என்று எழுதிப் புள்ளியை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். போரைப் பாடும் படைப்போருக்கோ பெயரே தமிழ்தான்.

பின்னர் முஸ்லிம் காப்பியங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் கம்பெரலிய நாவலைத் தமிழாக்கியவரும் இவரே. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தியபோது, அதற்கு இலங்கையரான இவரையே அழைத்தது. அங்கே பீ. மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றை எழுதினார். அது ஆறு தொகுதிகளைக் கொண்டது. 1996இல் காலமானார்.